லோத்தோங் குரங்கும் இரண்டு பகடைகளும்: இடஞ்சார் சூழலியலுக்கு ஓர் எளிய அறிமுகம்

பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகு வரும் ஞாயிறுகளில் நானும் அக்கா மகளும் காலை ஏழு மணிக்கு முன்பே ஏறிவிடுவோம். அவள் நான்காம் படிவம் படிக்கிறாள். கொஞ்ச நாளாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள்: வழியில் லோத்தோங் குரங்கு கண்ணில் பட்டால் கைப்பேசி வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்பாள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள, கருஞ்சாம்பல் நிறக் குரங்கு அது. குட்டி மட்டும் செம்மஞ்சளாகப் பிறக்கும். கோயில் படி, அடிவாரம், பக்கத்திலுள்ள தாவரவியல் பூங்கா என்று மூன்று மாதத்தில் நாற்பது சொச்சம் புள்ளிகள் சேர்ந்துவிட்டன.

ஒருநாள் பூங்கா வாசலில் நாகலிங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது படத்தை என்னிடம் நீட்டி, “மாமா, பாருங்க, இந்த மூலையிலதான் எல்லாம் கூட்டமா இருக்கு. ஏன் மாமா?” என்றாள்.

நல்ல கேள்வி. இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்கவும், கண்ணுக்கு ஏமாறாமல் பதில் தேடவும் கணிதத்தைக் கையில் எடுத்துக்கொள்ளும் துறைக்கு இடஞ்சார் சூழலியல் என்று பெயர். எந்த உயிர் எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே, பக்கத்தில் இருப்பவை அதற்கு என்ன செய்கின்றன என்பதே அதன் பாடம். நான் கணக்குச் சொல்லித் தருகிறவன். இந்தத் துறை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், இதன் அடித்தளம் இடைநிலைப் பள்ளிக் கணக்கிலேயே இருக்கிறது. பின்னமும் வர்க்கமூலமும் தெரிந்தால் உள்ளே நுழைந்துவிடலாம்.

அவளுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. “கூட்டமா இருக்குன்னு எதோட ஒப்பிட்டுச் சொல்றம்மா?” என்று கேட்டேன்.

கோலம், கடுகு, எறும்பு

புள்ளியியல் என்ற சொல்லுக்குள்ளேயே புள்ளி இருக்கிறது. இங்கே அது நிஜமாகவே புள்ளிதான்: ஒரு மரம் ஒரு புள்ளி, ஒரு கூடு ஒரு புள்ளி, ஒரு குரங்கு ஒரு புள்ளி. ஒரு பரப்பில் புள்ளிகள் மூன்று விதமாக அமையலாம். மார்கழிக் காலையில் வாசலில் வைக்கும் கோலப் புள்ளிகள் முதல் விதம். ஒவ்வொன்றுக்கும் இடையே அளவான தூரம் இருக்கும். கைதவறிக் கொட்டிய கடுகு இரண்டாவது விதம். எது எங்கே விழுந்தது என்பதற்கு ஒரு காரணமும் கிடையாது. வெல்லத் துண்டைச் சுற்றி மொய்த்த எறும்பு மூன்றாவது. அங்கங்கே கொத்துக் கொத்தாக, நடுவில் வெறும் தரை.

கோலத்தைப் பார்த்தால், புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளி வைக்கின்றன என்று புரியும். இடத்துக்காகவோ வெளிச்சத்துக்காகவோ தண்ணீருக்காகவோ சண்டை போடும் உயிர்கள் இப்படி அமையும். எறும்பைப் பார்த்தால், ஏதோ ஒன்று அவற்றைச் சேர்த்து இழுக்கிறது என்று புரியும். சிக்கலே நடுவில் இருக்கும் கடுகுதான். கொட்டிய கடுகைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். அதிலும் கொத்து தெரியும், வெற்றிடம் தெரியும். தற்செயல் என்றால் சமமாகப் பரவியிருக்கும் என்று நம் மனம் நினைத்துக்கொள்கிறது. அந்த நினைப்பு தவறு. இந்தத் துறைக்குள் வருகிறவர் முதலில் கைவிட வேண்டியதும் அதைத்தான்.

கையால் செய்து பார்த்தால்தான் இது நெஞ்சில் இறங்கும். ஒரு தாளில் ஆறுக்கு ஆறு, மொத்தம் 36 கட்டம் போடுங்கள். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரண்டு பகடைகள் வேண்டும். சிவப்புப் பகடை எந்த வரிசை என்று சொல்லும், வெள்ளை எந்தப் பத்தி என்று சொல்லும். உருட்டி, அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இப்படி 72 முறை. சராசரியாகக் கட்டத்துக்கு 2 புள்ளி. எந்தக் கட்டத்துக்கும் தனிச் சலுகை இல்லை. இருந்தாலும், ஏறக்குறைய 5 கட்டங்கள் காலியாகவே கிடக்கும். ஒன்றிரண்டு கட்டங்களில் 5 புள்ளியோ அதற்கு மேலோ குவிந்திருக்கும். காலிக் கட்டத்தைப் பார்த்து “இங்கே ஏதோ ஆகாது” என்றும், குவிந்த கட்டத்தைப் பார்த்து “இங்கே ஏதோ இருக்கிறது” என்றும் சொல்லத் தோன்றும். ஆனால் அங்கே பகடை உருண்டதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

காலியாக எத்தனை, ஒன்று விழுந்தது எத்தனை, இரண்டு விழுந்தது எத்தனை என்று முன்கூட்டியே சொல்லித் தருவது பாய்சான் பரவல். சராசரி 2 என்றால், ஒரு கட்டம் காலியாக இருக்க 13.5 விழுக்காடு வாய்ப்பு. ஒன்று விழ 27, இரண்டு விழவும் 27, மூன்று விழ 18.

இதற்கு ஒரு புகழ்பெற்ற சாட்சி உண்டு, அது காட்டிலிருந்து வந்ததல்ல. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் ஜெர்மனியின் பறக்கும் குண்டுகள் லண்டனில் விழுந்தன. சில பகுதிகளைக் குறிவைத்தே அடிக்கிறார்கள் என்று மக்கள் நம்பினார்கள். வரைபடத்தில் கொத்துகள் தெரிந்தன அல்லவா? போர் முடிந்தபின், காப்பீட்டுத் துறைக் கணக்கரான ஆர். டி. கிளார்க் தென் லண்டனைக் கால் சதுர கிலோமீட்டர் அளவில் 576 கட்டங்களாகப் பிரித்தார். விழுந்தவை 537 குண்டுகள். 229 கட்டங்களில் ஒன்றுகூட விழவில்லை. தற்செயலாக விழுந்திருந்தால் எத்தனை காலியாக இருக்கும் என்று பாய்சான் கணக்குப் போட்டால் 227 வருகிறது. ஒரே ஒரு குண்டு விழுந்த கட்டங்கள் 211. கணக்கு சொல்வதும் 211. அந்த அளவில் பார்க்கும்போது குறி என்று எதுவும் இல்லை, வெறும் கடுகுதான். 1946-இல் வெளியான அந்தக் குறிப்பு ஒன்றரைப் பக்கம்கூட வளர வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்குச் சுருக்கமான வாதம். எனக்கு மிகவும் பிடித்த கணக்குகளில் ஒன்று.

சரி, கட்டக் கணக்கை ஒரே எண்ணாகச் சுருக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் எண்ணிக்கையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். விலகலை வர்க்கமாக்கி, அந்த வர்க்கங்களுக்குச் சராசரி எடுங்கள். அதை முதல் சராசரியால் வகுங்கள். கடுகு என்றால் விடை 1-க்கு அருகில் வரும். எறும்பு என்றால் 1-ஐ நன்றாகத் தாண்டும். கோலம் என்றால் 0 பக்கம் சரியும். அக்கா மகளின் படத்தில் கட்டம் போட்டுப் பார்த்தோம். விகிதம் 1-ஐத் தெளிவாகத் தாண்டியது. ஆக, கூட்டம் இருப்பது கண்ணின் மயக்கம் இல்லை. அது குரங்குகளின் கூட்டமா என்பது வேறு கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நிரையும் செம்பனையும்

கட்டம் போடுவதில் ஒரு குறை உண்டு. கட்டத்துக்குள் புள்ளி எங்கே இருக்கிறது என்ற தகவலைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். தூரத்தையே அளந்தால் என்ன? 1954-இல் பிலிப் கிளார்க், பிரான்சிஸ் எவன்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் இதற்கு எளிய அளவுகோல் ஒன்றைத் தந்தார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் மிக அருகிலிருக்கும் அடுத்த மரம் எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுக்க வேண்டும். கடுகு போல விழுந்திருந்தால் அந்தச் சராசரி எவ்வளவு இருக்கும் என்பதற்குச் சூத்திரம் உண்டு: ஒரு மரத்துக்குச் சராசரியாகக் கிடைக்கும் பரப்பின் வர்க்கமூலத்தில் பாதி. உண்மையில் அளந்ததை இதனால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். 1 என்றால் தற்செயல். குறைந்தால் கொத்து. கூடினால் ஒழுங்கு.

என் தாத்தா சுங்கை பட்டாணிப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். நிரை பிடிப்பது என்று அவர்கள் சொல்வார்கள். மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும், இன்ன நிரை இன்னாருக்கு. பின்னால் அதே தோட்டத்தில் ரப்பரை அழித்து, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை போட்டார்கள். செம்பனையைப் பொதுவாக ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நடுவார்கள். கணக்குப் போடுவோம். 9 மீட்டர் முக்கோண நடவில் ஒரு மரத்துக்குச் சுமார் 70 சதுர மீட்டர் விழுகிறது, அதாவது ஹெக்டருக்கு 143 மரம். 70-இன் வர்க்கமூலம் 8.4, அதில் பாதி 4.2. அதே 143 மரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இறைத்திருந்தால், ஒரு மரத்துக்கு மிக அருகிலுள்ள மரம் சராசரியாக 4.2 மீட்டரில் நின்றிருக்கும். தோட்டத்திலோ 9 மீட்டர். விகிதம் 2.15. இந்த அளவுகோல் எட்டக்கூடிய உச்சமே அதுதான். இதற்கு மேல் ஒழுங்காக எந்தப் புள்ளிகளையும் அடுக்க முடியாது. தோட்டப் பாதையில் சைக்கிள் ஓட்டிய நாளில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நேர்க்கோடாகத் தெரிந்ததன் பொருள் எனக்குப் பல வருடம் கழித்து இந்த 2.15-இல்தான் பிடிபட்டது.

ஒரே ஒரு எண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது, ஏனென்றால் எந்த அளவில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் படம் மாறும். பினாங்குத் தீவை மேலிருந்து பாருங்கள்: லோத்தோங் கூட்டங்கள் மலைக் காட்டையும் அதன் ஓரத்தையும் ஒட்டி இருக்கும், ஊருக்குள் பெரும்பாலும் இருக்காது. அது கொத்து. ஒரு கூட்டத்துக்குப் பக்கத்தில் அடுத்த கூட்டம் எங்கே என்று பார்த்தால், ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எல்லை வைத்துக்கொண்டு தள்ளியே இருக்கப் பார்க்கும். அது கோலத்தின் பக்கம். ஒரே மரத்துக்குள் பார்த்தால் தாயும் குட்டியும் ஒட்டிக்கொண்டு. மறுபடி கொத்து. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை.

இந்தச் சிக்கலை 1970-களில் பிரையன் ரிப்ளி என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் அழகாக அவிழ்த்தார். ஒவ்வொரு புள்ளியையும் நடுவாக வைத்து வட்டம் போடு. முதலில் 5 மீட்டர், பிறகு 10, 20, 50, 100. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் எத்தனை அண்டைப் புள்ளிகள் என்று எண்ணு. தற்செயலாக இருந்தால் எத்தனை இருக்கும் என்று வட்டத்தின் பரப்பே சொல்லிவிடும். எந்த ஆரத்தில் உண்மை எண்ணிக்கை மிஞ்சுகிறது, எந்த ஆரத்தில் குறைகிறது என்று கோடு வரைந்தால், எந்த அளவில் கொத்து, எந்த அளவில் விலகல் என்பது ஒரே படத்தில் தெரிந்துவிடும். பினாங்கு போன்ற தீவில் இதைச் செய்கிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தஞ்சோங் பூங்கா என்ற கடலோர ஊரின் கரையில் நடு வைத்து வட்டம் போட்டால் பாதி வட்டம் கடலில் விழும். கடலில் குரங்கு இல்லை என்பதை “இங்கே குறைவு” என்று எண்ணிவிடக் கூடாது. விளிம்புத் திருத்தம் என்று இதற்குத் தனிக் கணக்கே உண்டு, பல ஆய்வுகள் சறுக்குவதும் இங்கேதான்.

மிஞ்சுகிறது, குறைகிறது என்கிறோம். எவ்வளவு மிஞ்சினால் நம்பலாம்? இன்று கணினி இருப்பதால் இதற்குப் பதில் மிக நேரடியானது. உங்கள் வரைபடத்தில் 40 புள்ளி இருக்கிறது என்றால், அதே எல்லைக்குள் 40 புள்ளியைத் தற்செயலாக இறைத்து 99 பொய் வரைபடங்கள் தயார் செய்யச் சொல்லுங்கள். நிஜ வரைபடத்தையும் சேர்த்து மொத்தம் 100. ஒவ்வொன்றுக்கும் கொத்தின் அளவைக் கணக்கிட்டு வரிசைப்படுத்துங்கள். நிஜப் படமே முதலிடத்தில் வந்தால், வெறும் தற்செயலால் அப்படி நடக்க நூற்றில் ஒரு வாய்ப்புதான். மொனாக்கோவின் சூதாட்ட விடுதி இருக்கும் இடத்தின் பெயரால் இந்த முறையை மான்டே கார்லோ என்கிறார்கள். நாம் தாளில் உருட்டிய அதே பகடைதான், கணினி கொஞ்சம் வேகமாக உருட்டுகிறது.

பாசோ காட்டின் கதை

இத்தனையும் எதற்கு என்று கேட்பவருக்கு நான் நெகிரி செம்பிலானில் இருக்கும் பாசோ வனக் காப்பகத்தைத்தான் காட்டுவேன். 1980-களின் நடுவில் அங்கே ஒரு வேலை தொடங்கியது. ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம், ஆக 50 ஹெக்டர் காடு. அதற்குள் மார்பு உயரத்தில் ஒரு சென்டிமீட்டராவது தடிமன் இருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் தகடு கட்டி, இனம் கண்டு, நின்ற இடத்தை வரைபடத்தில் ஏற்றினார்கள். ஒரு சென்டிமீட்டர் என்றால் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், எண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்கள். அப்புறம் சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பிப் போய் எது இருக்கிறது, எது செத்தது, எது புதிதாய் முளைத்தது என்று மறுபடி கணக்கெடுப்பு. அட்டைக்கும் மழைக்கும் நடுவில் இதைச் செய்தவர்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

இதே முறையில் பனாமாவில், தாய்லாந்தில், இலங்கையின் சிங்கராஜாவில், நம் முன்னோர் ஊர்ப்பக்கம் நீலகிரியின் முதுமலையில், சரவாக்கின் லம்பீரில் என்று பல இடங்களில் காடுகளை அளந்திருக்கிறார்கள். பாசோவையும் சேர்த்து இந்த ஆறு காடுகளின் 1768 மர இனங்களை ஒன்றாக வைத்து 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வந்தது. ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வட்டம் போட்டு, தன் இனத்தார் எவ்வளவு நெருக்கம் என்று எண்ணினார்கள். விடை: ஏறக்குறைய எல்லா இனங்களும் தற்செயலைவிடக் கொத்தாகவே நிற்கின்றன. அதிலும் அரிய இனங்கள், நிறைய இருக்கும் இனங்களைவிட அதிகக் கொத்தாக. முதுமலை வறண்ட இலையுதிர் காடு, பாசோ எப்போதும் ஈரமான பசுங்காடு. இரண்டுக்கும் ஒரே முடிவு.

ஏன் கொத்து? மெரந்தி வகை மரங்களின் காய்க்கு இறக்கை உண்டு. சுழன்று சுழன்று விழும், ஆனால் பெரும்பாலும் தாய் மரத்துக்குக் கிட்டேயேதான். அப்படியானால் பிள்ளைகள் தாயைச் சுற்றி நிற்பது இயல்பு. இன்னொரு காரணமும் இருக்கலாம்: அந்த இனத்துக்குப் பிடித்த மண் அங்கேதான் இருக்கிறது. விதை விழுந்ததால் கொத்தா, மண் இழுத்ததால் கொத்தா? வரைபடத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வடிவத்தைப் பார்த்ததும் காரணத்தைச் சொல்லிவிடத் துடிப்பது இந்தத் துறையின் பெரிய ஆபத்து.

இதை உடைக்கக் காலம் உதவும். 1970-இல் டேனியல் ஜான்சன், 1971-இல் ஜோசப் கானல் என இருவர் தனித்தனியே ஒரு கருத்தைச் சொன்னார்கள். தாய் மரத்துக்கு அடியில் அதன் இனத்தையே தின்னும் பூச்சியும் பூஞ்சையும் நிறைந்திருக்கும். அதனால் கிட்டே முளைத்த கன்றுகள் அதிகம் சாகும், தள்ளி முளைத்தவை பிழைக்கும். காலியான இடத்தில் வேறு இனம் வளரும். வெப்பமண்டலக் காட்டில் இத்தனை இனம் சேர்ந்து வாழ்வதற்கு இது ஒரு விளக்கம். இது உண்மையானால் வரைபடம் என்ன சொல்ல வேண்டும்? கன்றுகளின் கொத்து இறுக்கமாக இருக்க வேண்டும், வளர்ந்த மரங்களின் கொத்து தளர்ந்திருக்க வேண்டும். கருத்து இப்படிக் கணக்காக மாறிவிட்டால், போய் அளந்து சரியா தவறா என்று பார்க்கலாம். வாய்ச்சண்டை தேவையில்லை. பாசோவில் திரும்பத் திரும்பக் கணக்கெடுப்பதன் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

ஒரு பானைச் சோறு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மாதிரி எடுப்பதைப் பற்றி இதைவிட நல்ல வரி எனக்குத் தெரியாது. பானையில் அது பொருந்தக் காரணம், கொதிநீர் எல்லாப் பருக்கையையும் ஒரே மாதிரி வேகவைக்கிறது. காடு அப்படி வேகாது. ஓடைக்கரை வேறு, மேட்டு முகடு வேறு. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒன்றுபோல் இருக்கும், தூரத்துக் கட்டங்கள் மாறும். பூங்காவில் ஓடையை ஒட்டி அடுத்தடுத்து 20 கட்டங்களை எண்ணிவிட்டு “20 மாதிரி எடுத்தேன்” என்று சொன்னால், ஒரே வீட்டில் 20 பேரிடம் கேட்டுவிட்டு ஊர்க்கருத்து என்று சொல்வதுபோல் ஆகும். அவை 20 சாட்சிகள் அல்ல, நான்கோ ஐந்தோ சாட்சிகளுக்குச் சமம். பக்கத்திலுள்ளவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அளக்க ஆஸ்திரேலியரான பேட்ரிக் மோரன் 1950-இல் தந்த குறியீட்டு எண் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

காலி இடமும் கணக்கில் உண்டு

இதுவரை பேசியது புள்ளியியல். கணிதம் தன் பங்குக்குச் சொல்வதில் என்னை உலுக்கியது ஒன்று உண்டு. காடு துண்டு துண்டாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சில துண்டுகளில் ஓர் இனம் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இருக்கும் துண்டில் நோயாலோ பஞ்சத்தாலோ அந்த இனம் அற்றுப்போகலாம். வேறு துண்டிலிருந்து வந்து மறுபடி குடியேறவும் செய்யலாம். 1969-இல் ரிச்சர்ட் லெவின்ஸ் இதை ஒரு வரிச் சமன்பாடாக எழுதினார். வயலில் பூச்சிகளை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற கேள்விக்காகத்தான் அவர் இதை எழுதினார். நீண்ட காலத்தில் குடியிருக்கும் துண்டுகளின் பங்கு எங்கே நிலைக்கும் என்று அது சொல்கிறது: 1-இலிருந்து, அற்றுப்போகும் வேகத்தைக் குடியேறும் வேகத்தால் வகுத்து வருவதைக் கழிக்க வேண்டும்.

அற்றுப்போகும் வேகம் 6, குடியேறும் வேகம் 10 என்றால், வகுத்தால் 0.6. ஒன்றிலிருந்து கழித்தால் 0.4. பத்துத் துண்டுகளில் எப்போதும் நான்கில் மட்டுமே அந்த இனம் இருக்கும், மற்ற ஆறும் காலி. எந்த ஆறு என்பது மாறிக்கொண்டே இருக்கும். இப்போது ஒருவர் வந்து, “இந்த நாலு துண்டு காலியாகத்தானே இருக்கிறது, இதை மட்டும் வெட்டிக் கட்டடம் கட்டிக்கொள்கிறோம். மிருகம் இருக்கும் இடத்தைத் தொடமாட்டோம்” என்கிறார். நியாயமாகத்தானே தோன்றுகிறது? சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். 1-இலிருந்து வெட்டிய 0.4-ஐயும் கழிக்க வேண்டும். 1 கழித்தல் 0.4 கழித்தல் 0.6. விடை சுழியம். ஆறு துண்டுக் காடு பச்சையாக நிற்கும், அந்த இனம் மட்டும் மெல்ல எல்லாவற்றிலிருந்தும் மறைந்துவிடும். புறப்பட்டுப் போகிறவை இறங்கிக் குடியேற இடம் குறைந்துபோவதால், இழப்பை ஈடுகட்ட முடியாமல் போகிறது. ஒரு மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது, அங்கே மிருகம் எதையும் காணோமே என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கழித்தல் கணக்குத்தான் நினைவுக்கு வரும்.

இது எலும்புக்கூடு மட்டும்தான். எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே தூரம் என்று லெவின்ஸ் எளிமைப்படுத்தியிருக்கிறார். பின்லாந்தின் இல்கா ஹன்ஸ்கி அதற்குச் சதை பூட்டினார். ஓலாந்துத் தீவுகளில் ஏறக்குறைய 4000 சிறு புல்வெளிகளில் ஒரு வண்ணத்துப்பூச்சி இனத்தை வருடாவருடம் தேடி, துண்டின் பரப்பும் துண்டுகளுக்கு இடையிலான தூரமும் குடியேற்றத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்று காட்டினார்.

பினாங்கில் இந்தக் குடியேறும் வேகம் கண்ணுக்குத் தெரிகிற ஓர் இடம் இருக்கிறது. தெலுக் பஹாங்கில் சாலை காட்டை இரண்டாக வெட்டுகிறது. மரத்திலேயே வாழும் லோத்தோங் தரையிறங்கிச் சாலையைக் கடந்தால் வண்டியில் அடிபடும். மின்கம்பியில் நடந்தாலும் ஆபத்துதான். 2019-இல் அங்கே சாலைக்கு மேலே, பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி ஒரு பாலம் தொங்கவிட்டார்கள். பார்க்கச் சாதாரணக் கயிறு போலத்தான் இருக்கும். சமன்பாட்டில் அது தொடுவது குடியேறும் வேகமான அந்த 10-ஐ, அதாவது வகுக்கும் எண்ணை. அது கொஞ்சம் கூடினாலும் நிலைக்கும் பங்கு கூடும்.

யார் நின்ற இடம்?

இனி அக்கா மகளின் படத்துக்கு வருகிறேன். கொத்து உண்மை என்று கட்டக் கணக்கு சொன்னது. அப்புறம் நான் அவளிடம், இந்த மூன்று மாதத்தில் நாம் எங்கெங்கே எவ்வளவு நேரம் நின்றோம் என்று நினைவிலிருந்து இன்னொரு படம் வரையச் சொன்னேன். வரைந்து முடித்ததும் அவளே சொல்லிவிட்டாள்: “நாம உக்கார்ற இடம் மாமா.” இளைப்பாற உட்காரும் மூலையில்தான் புள்ளிகள் குவிந்திருந்தன. குரங்கு அங்கே அதிகமாக இருக்கலாம். நாம் அங்கே அதிக நேரம் பார்த்ததால் அதிகம் கண்ணில் பட்டும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க அந்தப் படத்தால் முடியாது. பொதுமக்கள் சேர்த்த எந்தப் பதிவிலும் இந்தச் சாய்வு இருக்கும். புள்ளிகள் சாலையோரத்திலும் நடைபாதையிலும் குவியும், செங்குத்துச் சரிவில் வெறிச்சோடும்.

மருந்து, பார்க்கும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்காமல் இருப்பது. பூங்காவின் வரைபடத்தில் நடந்து போகக்கூடிய பகுதியை 36 கட்டமாகப் பிரித்தோம். அதே இரண்டு பகடைகளை உருட்டி எட்டுக் கட்டங்களை எடுத்தோம். ஒவ்வொன்றிலும் சரியாக இருபது நிமிடம். குரங்கு வந்தாலும் இருபது, வராவிட்டாலும் இருபது. காணவில்லை என்றால் நோட்டில் சுழியம் எழுத வேண்டும். முதலில் அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஒன்றும் இல்லாததை எதற்கு எழுதுவது என்றாள். சுழியம் இல்லாத பட்டியலில் பாய்சானால் ஒன்றும் செய்ய முடியாது.

சுழியத்திலும் இரண்டு வகை உண்டு. குரங்கு அங்கே இல்லை என்பது ஒன்று, இருந்தும் இலைக்குள் மறைந்திருந்தது என்பது இன்னொன்று. ஒரு கட்டத்தில் குரங்கு இருந்தால், ஒருமுறை போகும்போது பாதி வாய்ப்பில் கண்ணில் படும் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை போய்க் காணாமல் விட இரண்டில் ஒரு வாய்ப்பு. இரண்டு முறையும் காணாமல் விட நான்கில் ஒன்று. மூன்று முறையும் என்றால் எட்டில் ஒன்று. அதனால்தான் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகச் சொல்கிறார்கள். அப்படிப் போன பதிவுகளை வைத்து, கண்ணில் படும் வாய்ப்பையும் உண்மையில் குடியிருக்கும் வாய்ப்பையும் பிரித்தெடுக்கும் கணித முறைகள் 2002-க்குப் பிறகு உலகெங்கும் பரவியிருக்கின்றன.

எங்கள் எட்டுக் கட்டங்களில் ஐந்தில் லோத்தோங் பார்த்துவிட்டோம். ஒன்றில் செம்மஞ்சள் குட்டியோடு ஒரு தாய். மீதி மூன்றில் இரண்டு முறை போயும் சுழியம். வரும் ஞாயிறு மூன்றாவது முறை போகிறோம்.